டிஜிட்டல் ஓவியமும் போட்டோ எடிட்டிங்கும்: ஜூனியர்கள் கேட்கும் கேள்விகள்

நான் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கம்ப்யூட்டர் லேபில் எனக்குப் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் முதல் வாரத்தில் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. முதலாம் ஆண்டில் நானும் இவற்றையேதான் கேட்டேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, போட்டோ எடிட்டிங்கும் டிஜிட்டல் ஆர்ட்டும் ஒண்ணுதானே?

தொடங்கும் இடம் வேறு. எடிட்டிங்கில் கேமரா பிடித்த வெளிச்சம் ஏற்கெனவே இருக்கிறது, அதைச் சரிசெய்கிறோம். ஓவியத்தில் வெற்றுத் திரையில் நாமே வெளிச்சத்தை உண்டாக்க வேண்டும். ஆனால் இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இதை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

என்கிட்ட லேப்டாப் இல்ல, போன் மட்டும்தான். முடியுமா?

முடியும். ஸ்னாப்சீட் இலவசம். வெளிச்சத்தை ஒரு வளைகோட்டால் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ், கறை, கீறலை அடைக்கும் ஹீலிங், ஓர் இடத்தை மட்டும் தொட்டு மாற்றும் செலக்டிவ் எல்லாம் அதில் இருக்கின்றன. வரைவதற்கு ஐபிஸ் பெயின்ட் போதும், லேயர்கள் உண்டு (என்ன என்று கீழே சொல்கிறேன்), விளம்பரம் வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் நன்றாக வரைகிற இருவர் முதல் ஆண்டு முழுக்க விரலால்தான் வரைந்தார்கள்.

போனில் ஒரே குறை, திரை சின்னது என்பதால் தப்புகள் கண்ணில் படாது. வேலை முடிந்ததும் ஒருமுறை லேப் கம்ப்யூட்டரிலோ நண்பரின் லேப்டாப்பிலோ திறந்து பாருங்கள். போனின் வெளிச்சத்தையும் நடுவில் வையுங்கள். முழு வெளிச்சத்தில் எடிட் செய்த படம் மற்றவர் போனில் இருட்டாகத் தெரியும்.

போட்டோஷாப் வாங்க காசில்ல. கிராக் போட்டுக்கலாமா?

வேண்டாம். பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு அது, சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். கிராக் கோப்போடு வைரஸ் வந்து, செமஸ்டர் வேலை மொத்தமும் போய், ஒரு தோழி அழுததை நேரில் பார்த்திருக்கிறேன்.

கிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம், முறைப்படி இலவசம். போட்டோவுக்குக் கிம்ப், வரைவதற்குக் கிரிட்டா. இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். கிம்ப்பை 1995-இல் தொடங்கியவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள். போட்டோஷாப்பும் 1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த தாமஸ் நோல் எழுதத் தொடங்கியதுதான். சினிமா கிராஃபிக்ஸ் வேலையில் இருந்த அவருடைய தம்பி ஜான் சேர்ந்துகொள்ள, 1990-இல் விற்பனைக்கு வந்தது. நம்மைப் போன்ற மாணவர்கள் தொடங்கிய வேலை இரண்டும். எனக்கு இது பெரிய தெம்பு.

ஒன்றில் கர்வ்ஸ், லேயர், மாஸ்க் தெரிந்துவிட்டால் இன்னொன்றுக்கு மாற ஒரு வாரம் போதும். மெனு இருக்கும் இடம்தான் மாறும்.

பென் டேப்லெட் கட்டாயமா வாங்கணுமா?

எடிட்டிங்குக்கு வேண்டாம், மவுஸ் போதும். வரைய ஆசை என்றால் பேனா போன்ற கோலால் மேலே வரையும், திரை இல்லாத சாதாரண டேப்லெட்டே போதும். அழுத்திப் பிடித்தால் கோடு தடிக்கும், லேசாகப் பிடித்தால் மெலியும், அதுதான் அதன் பயன். கை ஓரிடத்தில், கண் வேறிடத்தில் என்பது முதல் பத்து நாள் படுத்தும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்குச் சீக்கிரம் பழகிவிடுவதைக் கவனித்திருக்கிறேன். ஒரே இழுப்பில் வளைவு போடுகிற கை அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

லேயர் லேயர்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படி என்ன அதுல?

கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் படம், அதன்மேல் தாளில் எழுத்து, அதற்கும் மேல் தாளில் பொட்டு. பொட்டு பிடிக்கவில்லை என்றால் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடலாம், அடியில் இருக்கும் முகத்துக்கு ஒன்றும் ஆகாது. போட்டோஷாப்பிலேயே 1994-இல் மூன்றாவது பதிப்பில்தான் இது வந்தது. அதற்கு முன் ஒட்டினால் ஒட்டியதுதான்.

லேயரைவிட முக்கியம் லேயர் மாஸ்க். ஒரு பகுதி வேண்டாம் என்றால் ரப்பரால் அழிக்காதீர்கள். மாஸ்க் போட்டுக் கறுப்பால் தீட்டுங்கள், அந்த இடம் மறையும். வெள்ளையால் தீட்டினால் திரும்ப வரும். சாம்பல் நிறத்தில் பாதி தெரியும். அழித்தது போய்விடும், மறைத்தது எப்போதும் இருக்கும். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் மாற்றச் சொல்வது இந்த ரப்பர் பழக்கத்தைத்தான்.

அப்புறம், லேயரோடு சேமிக்க வேண்டும். கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப், போட்டோஷாப்பில் பிஎஸ்டி. ஜேபெக்காக மட்டும் சேமித்தால் எல்லாத் தாளும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது.

கேன்வாஸ் சைஸ் எவ்ளோ வைக்கிறது? டிபிஐ-ன்னா புரியல.

ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதுதான் அது. கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு 300 வையுங்கள். ஏ4 தாளுக்கு அது 2480-க்கு 3508 பிக்சல். பாஸ்போர்ட் போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர் என்றால் 413-க்கு 531. போன், கம்ப்யூட்டர் திரைக்கு மட்டும் என்றால் டிபிஐ-யை மறந்துவிடலாம், பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு.

ஃப்ளெக்ஸ் பேனருக்கு 300 வேண்டாம். சாலையைத் தாண்டி நின்று பார்ப்பார்கள், 72 முதல் 100 வரை போதும். பத்தடிக்கு எட்டடி பேனரை 300-இல் திறந்தால் லேப் கம்ப்யூட்டர் நின்றுவிடும். சின்னதாக வரைந்துவிட்டுப் பின்னால் பெரிதாக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பெரியதைச் சுருக்கலாம், சின்னதை இழுத்தால் மங்கும்.

வாட்ஸ்அப்ல அனுப்பினா படம் ஏன் கெட்டுப்போகுது?

அனுப்பும்போது படத்தைச் சுருக்கி, திரும்பவும் ஜேபெக்காக அமுக்குகிறது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கிப்போடும். ஒருமுறை என்றால் தெரியாது. நாலு குரூப் சுற்றி வந்த படத்தில் எழுத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கொசு மொய்த்த மாதிரி அழுக்கு இருக்கும். அதுதான் அந்தக் கட்டங்களின் மிச்சம்.

டாகுமென்ட்டாக அனுப்புங்கள், அப்படியே போகும். எழுத்து, கோட்டோவியம், பின்னணி இல்லாத படம் என்றால் பிஎன்ஜி. போட்டோ என்றால் ஜேபெக். திரும்பத் திரும்பத் திறந்து திருத்தப்போகும் எதையும் ஜேபெக்கில் வைக்காதீர்கள்.

நான் எடிட் பண்ணா மட்டும் ஏன் செயற்கையாத் தெரியுது?

எல்லா ஸ்லைடரையும் தொடுவதால். நிறத்தின் அடர்த்தியான சாச்சுரேஷனைக் கூட்டி, ஓரங்களைக் கூர்மையாக்கும் ஷார்ப்பன் போட்டு, அதன்மேல் ஒரு ஃபில்டரும் போட்டால் வாழைத்தோப்பு பிளாஸ்டிக் தோப்பாகிவிடும். முதலில் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், படத்தில் எந்த வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று மலை போலக் காட்டும் வரைபடம் அது. இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. மலை வலது ஓரத்தில் போய் முட்டி நின்றால் அந்த இடத்தில் வேட்டியின் மடிப்பு, வானத்தின் மேகம் எல்லாம் வெள்ளையாக எரிந்துவிட்டது என்று அர்த்தம். எந்த ஸ்லைடரும் அதை மீட்காது. எடுக்கும்போதே கொஞ்சம் இருட்டாக எடுப்பது நல்லது.

நான் செய்யும் வரிசை இது: வெளிச்சம், வெள்ளையை வெள்ளையாகவே தெரியச் செய்யும் வெள்ளைச் சமநிலை, கர்வ்ஸில் சின்ன வளைவு, கடைசியில் ஷார்ப்பன். எதைச் செய்தாலும் பிடித்த அளவுக்குத் தள்ளிவிட்டு, அதில் பாதிக்குத் திரும்பி வருவேன். பெரும்பாலும் அந்தப் பாதிதான் சரியாக இருக்கிறது.

ஆளை வெட்டி வேற பேக்ரவுண்ட்ல வெச்சா ஒட்டவே மாட்டேங்குது, ஏன்?

முதல் பதிலில் சொன்ன கேள்விதான். ஆளுக்கு இடப்பக்கம் வெளிச்சம், பின்னணியில் சூரியன் வலப்பக்கம். எவ்வளவு நுணுக்கமாக முடியை வெட்டினாலும் கண் ஏற்காது. இடவலமாகத் திருப்பினால் சில சமயம் சரியாகும். சட்டைப் பாக்கெட், புடவை முந்தானை, கடிகாரம் பக்கம் மாறுவதைக் கவனியுங்கள்.

அடுத்தது கால். நிழல் இல்லாத கால் தரையில் நிற்காது, மிதக்கும். கால் தரையைத் தொடும் இடத்தில் நிழல் கறுத்து, ஒடுங்கி, ஓரம் கூர்மையாக இருக்கும். தள்ளிப்போகப் போக வெளுத்து மங்கும். மதியம் மூன்று மணிக்கு வாசலில் ஒரு குடத்தை வைத்துவிட்டு அதன் நிழலைப் பார்த்துக்கொண்டே வரையுங்கள், இது கைக்கு வந்துவிடும். கூடவே நிழல் முழுக் கறுப்பு இல்லை என்பதும் தெரியும். திறந்த வெளியில் வானத்தின் நீலம் அதில் கொஞ்சம் விழுந்திருக்கும்.

மூன்றாவது, பின்னணியின் நிறம் ஆள்மேல் பட வேண்டும். பச்சை வயலில் நிற்பவரின் தாடையின் அடியில் லேசாகப் பச்சை இருக்கும். புது லேயரில் மிக மெல்லிதாகத் தீட்டினால் போதும்.

எங்க தாத்தா போட்டோ பூஞ்சை பிடிச்சுப் போச்சு. சரிபண்ண முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. என் தாத்தாவின் படத்தில்தான் நான் எடிட்டிங் கற்றுக்கொண்டேன் என்றே சொல்லலாம். ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், மரச்சட்டத்தில் இருந்தது. கண்ணாடி உடைந்துபோன பிறகு அப்பாயி வெள்ளிக்கிழமைப் பொட்டை நேராகப் படத்தின் நெற்றியிலேயே வைத்து வந்திருக்கிறார். குங்குமம் தாளுக்குள் இறங்கிவிட்டது. ஓரமெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தது.

முதலில், படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரில், 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஏன் கலரில் என்றால், கறை நிறமுள்ளது. டிஜிட்டல் படம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களால் ஆனது. கிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் காம்போனன்ட்ஸ், அதில் டீகம்போஸ் கொடுத்து மூன்றையும் பிரித்துப் பார்த்தேன். நீலச் சேனலில் மஞ்சள் கறை கன்னங்கரேலென்று இருந்தது, குங்குமம் நெற்றியில் ஓட்டை போட்ட மாதிரி. சிவப்புச் சேனலுக்குப் போனால் இரண்டும் அநேகமாக இல்லை! சிவப்புப் பொருள் சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அந்தச் சேனலில் அது வெறும் தாளைப் போலவே வெளுப்பாகத் தெரியும். பக்கத்து இடத்தை நகலெடுத்து ஒட்டி ஒட்டி மணிக்கணக்கில் குளோன் செய்ய வேண்டியது ஒரே சொடுக்கில் முடிந்தது. மிச்சமிருந்த கீறல்களை ஹீலிங் டூலால், தனி லேயரில், சின்னச் சின்னதாக அடைத்தேன்.

அச்சுப் போட்டு அப்பாயியிடம் கொடுத்தேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பொட்ட எங்கடி?" என்று கேட்டார். திரும்பவும் உட்கார்ந்து, புது லேயரில், அதே இடத்தில் ஒரு பொட்டு வரைந்தேன். குங்குமம் ஓரத்தில் எப்படி உதிரும், நடுவில் எப்படி அடர்ந்திருக்கும் என்று பூஜை மாடத்தில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். நான் வரைந்த முதல் டிஜிட்டல் ஓவியம் அந்தப் பொட்டுதான். சுத்தம் செய்வதற்கு முன் படம் யாருடையதோ அவரிடம் எது இருக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். முதல் ஸ்கேனை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

அதுக்கு இப்ப ஏஐ இருக்கே அக்கா, ஒரு நிமிஷத்துல முடிச்சிடுதே?

அதே படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். தெளிவாகத்தான் வந்தது, ஆனால் அது தாத்தா இல்லை. இடது புருவத்தில் அவருக்கு ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அதைக் கறை என்று எண்ணிப் புருவத்தை முழுசாக்கிவிட்டது. கண்ணும் வேறு யாருடையதோ போல இருந்தது. மங்கலான முகத்தில் இல்லாத விவரத்தை ஏஐ மீட்பதில்லை, மற்ற முகங்களிலிருந்து கற்றதை வைத்து ஊகித்து வரைகிறது. நினைவுக்காக வைக்கும் படத்தில் ஊகம் கூடாது என்பது என் கருத்து.

பின்னணியை வெட்டுவது, கம்பியை மறைப்பது போன்ற வேலைகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது கொடுத்ததில் நிழல் தப்பாக விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, நிழல் எப்படி விழும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். போட்டிக்கோ அசைன்மென்ட்டுக்கோ கொடுத்தால் ஏஐ பயன்படுத்தியதைச் சொல்லிவிடுங்கள்.

தமிழ்ல டைப் பண்ணா கொம்பு தனியா, கால் தனியா உடையுதே?

இரண்டு வேறு சிக்கல்கள் உண்டு, எது என்று முதலில் பார்க்க வேண்டும். "கொ" என்று அடித்தால் கொம்பு இடப்பக்கம் போகாமல் பின்னால் நின்றால், மென்பொருள் இந்திய எழுத்துகளைக் கோக்கும் முறையில் இல்லை என்று அர்த்தம். போட்டோஷாப்பின் சில பதிப்புகளில் பிரிஃபரன்சஸ், டைப் போய் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்று இருக்கும். மாற்றிய பிறகு புது டாகுமென்ட் திறந்து அடித்துப் பாருங்கள். கிம்ப்பில் இந்தத் தொல்லை இல்லை.

"அம்மா" என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முந்தைய முறை, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை. அச்சகங்களில் இன்னும் நிறையப் புழங்குகிறது. யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நல்ல எழுத்துருவுக்குக் கூகுள் ஃபான்ட்ஸ் பாருங்கள். முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பவனம், கவிவனார் எல்லாமே இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். தமிழில் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். மேல்வரி "கு"வின் கீழ்ச்சுழியும் கீழ்வரி "கி"யின் கொக்கியும் இடித்துக்கொள்ளும்.

ஸ்கிரீன்ல ஒரு கலர், பிரிண்ட்ல வேற கலர் வருதே?

திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். அச்சு மையால் காட்டுகிறது: சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு. திரையில் பளீரென்று தெரியும் கிளிப்பச்சையும் மின்னும் நீலமும் மையில் கிடைக்காது, மந்தமாகத்தான் வரும். ஆஃப்செட் அச்சு என்றால் இந்த நான்கு மைகளின் முறையான சிஎம்ஒய்கே-யில் வேலை செய்யுங்கள், கிரிட்டாவில் அந்த வசதி உண்டு. கலர் லேபில் போட்டோ பிரிண்ட் போட என்றால் திரைக்கான பொது நிற முறையான எஸ்ஆர்ஜிபி-யில் உள்ள ஜேபெக்கையே கேட்பார்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். சந்தேகம் இருந்தால் அச்சகத்திலேயே கேளுங்கள், ஒரு சின்னத் துண்டு அடித்துப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் கொடுங்கள்.

"கொஞ்சம் கலராக்கிக் குடுங்க"ன்னு கேட்டா என்ன பண்றது?

கல்யாண ஆல்பம் வேலைக்குப் பகுதி நேரமாகப் போகிற எல்லாரும் கேட்கிற கேள்வி. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: தோலின் நிறத்தை மாற்றாதீர்கள், வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டிக்கு நடுவில் நிற்கும் கறுத்த முகத்தைக் கேமரா பெரும்பாலும் இருட்டாகவே எடுக்கும், ஏனென்றால் அது மொத்தச் சட்டகத்தையும் கணக்கிட்டு வெளிச்சத்தைக் குறைக்கிறது. முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் முகம் தெளியும், கன்னத்தின் மினுமினுப்பு தெரியும், அவரும் அவராகவே இருப்பார். கேட்டவருக்கும் பெரும்பாலும் அதுதான் வேண்டியிருந்தது.

வெளுப்பாக்கினால் முதலில் போவது கன்னத்தின் திரட்சி. முகம் தட்டையாகி, கழுத்தும் கையும் வேறு ஆளுடையது போல நிற்கும். இந்தக் கோளாறு பழையது. ஃபிலிம் காலத்தில் நிறம் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி கார்டில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும், அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பிரிண்ட் போட்டார்கள். நம் தோலுக்கு நாம்தான் கண்ணைப் பழக்க வேண்டும்.

கூகுள்ல கிடைக்கிற படத்தை எடுத்துக்கலாமா?

கூகுள் தேடிக் காட்டுகிறது, அவ்வளவுதான். படத்துக்கு உரியவர் வேறு ஒருவர். விக்கிமீடியா காமன்ஸில் தேடி, ஒவ்வொரு படத்தின் கீழும் இருக்கும் உரிமத்தைப் படியுங்கள். பெயர் போட வேண்டும் என்று இருந்தால் பெயரைப் போடுங்கள். இன்னொருவர் ஓவியத்தின்மேல் வைத்து வரைந்து பழகலாம், தப்பில்லை. அதை உங்கள் ஓவியம் என்று காட்டக் கூடாது.

அப்ப எடிட்டிங்னாலே பொய்தானே?

எதற்கான படம் என்பதைப் பொறுத்தது. போஸ்டரில் யானையைப் பறக்க விடலாம், யாரும் ஏமாற மாட்டார்கள். செய்திப் படம் அப்படி இல்லை. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டைக்காகக் கீசாவின் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தார்கள், இன்றும் பாடத்தில் வருகிறது. 1994-இல் டைம் இதழ், கொலை வழக்கில் கைதான கறுப்பின அமெரிக்க முன்னாள் விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தைக் கறுப்பாக்கி அட்டையில் போட்டது. அதே படம் மாறாமல் நியூஸ்வீக் அட்டையிலும் வந்ததால் கடையில் இரண்டையும் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு விளங்கிவிட்டது. முக்கியமாகச் செய்தது வெளிச்சத்தைக் குறைத்ததுதான். கலராக்கும் கேள்விக்குச் சொன்ன தோல் நிறத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வேலை முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? நோண்டிக்கிட்டே இருக்கேன்.

படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், கோணலான கண்ணும் சாய்ந்த தூணும் உடனே தெரியும். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், அப்போதும் எது முக்கியம் என்று புரிகிறதா? அப்புறம் மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மூலப் படத்தையும் எடிட்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எடிட்டைப் பார்த்தவுடன் கண் ஸ்லைடரின் வேலைக்குப் போகிறதா, முகத்துக்குப் போகிறதா என்று கவனியுங்கள். முகத்துக்குப் போனால் சேமித்து மூடிவிடலாம்.